ஆறு விநாடி மௌனம்

நல்ல பரிந்துரைக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பயிற்சி மருத்துவர்களுக்கு இருபத்திரண்டு வருடம் பொறுப்பாளராக இருந்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். இரண்டாவது பக்கத்துக்குப் போனால், எழுதுகிறவர் எதையோ மூடப் பார்க்கிறார் என்று படிப்பவருக்குத் தோன்றிவிடும். டெல்ஃபின் ஆர்சனோவுக்கு நான் எழுதிய நான்கு கடிதங்களும் உங்கள் கோப்பில் இருக்கும், திரு. பெட்டிங்கர். எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரே பக்கம். ஒவ்வொரு வரியும் உண்மை.

மருத்துவ உரிம வாரியத்தின் விசாரணைக்காக, நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத வேண்டாம் என்று வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது நேரமும் நிறைய இருக்கிறது.

நீங்கள் மருத்துவர் இல்லை என்பதால் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். எங்கள் தொழிலில் யாரும் யாரைப் பற்றியும் எழுத்தில் குறை சொல்வதில்லை. சொன்னால் வழக்கு வரும். அதனால் எல்லாக் கடிதங்களிலும் எல்லாரும் மிகச் சிறந்தவர்கள். அப்புறம் எப்படி ஆள் எடுப்பது? போனை எடுப்பார்கள். கடிதம் பிரமாதம் என்பார்கள், உங்கள் ஊரில் பனி எப்படி என்பார்கள், பிறகு, "வேற ஏதாவது நாங்க தெரிஞ்சுக்கணுமா?" என்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் போனே. "ஒண்ணுமே இல்லை, கண்ணை மூடிட்டு எடுத்துக்குங்க" என்று சட்டென்று சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் என்ன புகழ்ந்தாலும் அந்தப் பெயர் பட்டியலில் கீழே போய்விடும். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

எனக்கே இது தற்செயலாகத்தான் பிடிபட்டது. கிராண்ட் வெஸல் என்று ஒரு பையன் இருந்தான். நோயாளியைப் பார்க்காமலே பார்த்ததாகக் குறிப்பு எழுதுவான். இரண்டு முறை கையும் களவுமாகப் பிடித்தேன். அவனைப் பற்றி ஓஹையோவில் ஓர் இதய நோய்ப் பிரிவிலிருந்து போனில் கேட்டார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, "புரியுது டாக்டர், ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டார்கள். நான் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை. அன்று நான் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். அப்படிப்பட்டவன் கையில் இதய நோயாளிகளைக் கொடுக்க முடியுமா?

டெல்ஃபின் கிராண்டைப் போன்றவள் இல்லை. என் கையில் பயின்ற முப்பத்தொரு பேரில் அவளுக்கு இணை யாரும் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டுக் கண்ணை மூடுவாள், என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள், பிறகு ஸ்கேன் வந்து அவள் சொன்னதையே சொல்லும். நோயாளியின் பெயரை ஒரு நாளும் மறந்ததில்லை. இதையெல்லாம் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

லூசியானாவின் தென்கோடியிலிருந்து எங்கள் மேல் மிச்சிகனுக்கு வந்து சேர்ந்தாள். முதல் நவம்பரில் மெல்லிய கோட்டோடு வந்து நின்றவளைப் பார்த்து, என் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெவர்லி, "இந்தப் பொண்ணு கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்காது, பந்தயம்" என்றாள். நான் என் பழைய கோட்டைக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை என்றால் சவுனா. ஏரிக்கரையில் மர அறை, கல் அடுப்பு, நீராவி. என் கணவர் ஏர்னி உயிரோடு இருந்தவரை அவரும் நானும். அவர் போன பிறகு நான்கு வருடம் நான் மட்டும் அடுப்பு மூட்டி, நான் மட்டும் உட்கார்ந்து, வெளியே வந்து இறைச்சி அடைத்த பாஸ்டி ஒன்றைச் சூடுபண்ணிப் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வைப்பேன். டெல்ஃபின் முதல் நாள் மூன்று நிமிடத்தில் வெளியே ஓடி வந்துவிட்டாள். "டாக்டர், இதுக்கு எங்க ஊரு ஆகஸ்ட் மாசம் தேவலை. அங்க துணியாவது போட்டுக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை தவறவில்லை. கார் வரும் சத்தத்துக்கு நான் நாலு மணியிலிருந்தே காத்திருப்பேன். அவள் பெரிய பாத்திரத்தில் இறால் போட்டுக் கம்போ என்ற தன் ஊர்க் குழம்பு வைப்பாள், காரம் என் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும், "அழாதீங்க டாக்டர், இன்னும் ஒரு கரண்டி" என்று ஊற்றுவாள். ஒரு மாதத்தில் அவளுக்கு நான் டாக்டர் போய் வெறும் ஐலா ஆகிவிட்டேன், மருத்துவமனைக்கு வெளியே.

மற்ற முப்பது பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அறைக்கு வெளியே வரிசையாக அவர்கள் படங்கள் மாட்டியிருக்கின்றன. கை பிடித்து எழுதப் பழக்குவதுபோல் பழக்கினேன். முதல் மரணத்தை உறவினரிடம் எப்படிச் சொல்வது, ஒரு தவறைச் செய்துவிட்டு மறுநாள் காலையில் எப்படி வேலைக்கு வருவது என்று எல்லாம் கற்றுக்கொடுத்தேன். போனவர்கள் முதல் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவார்கள். இரண்டாவது கிறிஸ்துமஸுக்குப் பாதிப் பேர். ஏர்னி இறந்தபோது ஒரே ஒருத்தர் பூ அனுப்பினார், அதுவும் அட்டையில் என் பெயரைத் தப்பாக எழுதி. நான் கோபப்படவில்லை. ஆளாக்கி அனுப்புவதுதான் வேலை. ஆனால் வலித்தது என்பதை மறுக்க மாட்டேன்.

டெல்ஃபினின் மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அவள் அப்பாவுக்கு மறதி ஆரம்பித்தது. அல்சீட் ஆர்சனோ, இறால் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள். சனிக்கிழமை சவுனா முடிந்து துண்டைச் சுற்றிக்கொண்டு வெளி அறையில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்வாள். ஸ்பீக்கரில் போடுவாள். எனக்கும் அவர் குரல் பழக்கம்.

"பாப்பா, எப்ப வர்றே?"

"வர்றேம்பா. இதய டாக்டராகி அங்கயே வந்துடறேன்."

"சீக்கிரம் வா. உன் மூஞ்சி ஞாபகம் இருக்கறப்பவே வந்துடு." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். டெல்ஃபின் சிரிக்க மாட்டாள்.

வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தொழில் வளர்ச்சிப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். ஐந்தாண்டு இலக்கு என்ன, தடைகள் என்ன, உதவக்கூடியவர் யார். டெல்ஃபின் எழுதியது எனக்கு மனப்பாடம். இலக்கு: லூசியானாவில் இதய நோய் மேற்பயிற்சி, அப்பாவுக்கு என்னைத் தெரியும்போதே. தடைகள்: நேரம். உதவக்கூடியவர்: டாக்டர் ஐலா கோஸ்கெலா. அடுத்தடுத்த வருடங்களிலும் கடைசிக் கட்டத்தில் அதே பெயர்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்தாள், முதல் அழைப்பு வந்தது, நியூ ஆர்லியன்ஸிலிருந்து. நல்ல மனிதர், நல்ல குரல். கடிதத்தைப் புகழ்ந்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வாகனம் நிறுத்தும் இடத்தில் டெல்ஃபின் என் கார் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டதில்லை, அவளாகவே செய்வாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பிறகு, "ரொம்ப நல்ல டாக்டர்" என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அதை வேண்டுமென்று செய்தேனா என்று கேட்பீர்கள். முதல் தடவைக்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது. மறுநாள் அதே ஊரில் இன்னோர் இடத்திலிருந்து அழைத்தார்கள். அப்போது ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு எல்லாருக்கும் முடிவு வரும். பன்னிரண்டு பத்துக்கு டெல்ஃபின் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "எங்கயும் கிடைக்கலை" என்றாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. அவள் வேதனையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தேன்.

"பேசாம ஊருக்குப் போய் ஏதாவது கிளினிக்ல உக்காந்துடட்டுமா, ஐலா?" என்று கேட்டாள்.

"ஒரு தடவை கிளினிக்ல உக்காந்துட்டா அப்புறம் மேற்பயிற்சிக்கு உன்னை யாரு சீண்டுவாங்க? ஒரே ஒரு வருஷம் இங்க வார்டு டாக்டரா இரு. ஒரு ஆய்வுக் கட்டுரை சேர்ந்து எழுதலாம். அடுத்த வருஷம் கதவு தானாத் திறக்கும்."

இது நியாயமான ஆலோசனைதான். எந்தப் பயிற்சி இயக்குநரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். விசாரித்துப் பாருங்கள்.

கட்டுரையை எழுதினோம். நல்ல இதழில் வந்தது. சனிக்கிழமைகள் தொடர்ந்தன. இரண்டாம் வருடமும் அழைப்புகள் வந்தன, இரண்டாம் வருடமும் டிசம்பர் வந்தது. மூன்றாம் வருடமும் அப்படியே. மூன்று வருடத்தில் மொத்தம் ஆறு அழைப்புகள். நான் ஒரு தடவையும் அவளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆறு பேரையும் கேட்டுப் பாருங்கள்.

ஒருவேளை பெவர்லி உங்களிடம் சொல்லியிருப்பாள். மூன்றாம் வருடம் நான் போனை வைத்ததும் அவள் வாசலில் நின்றாள். அவளுக்கு நாக்கு நீளம், ஆனால் அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நல்ல பொண்ணுன்னு பட்டுனு சொல்லிட்டு வைக்க வேண்டியதுதானே? ஏன் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கறீங்க?"

"யோசிச்சுப் பேசறது என் பழக்கம், பெவ்."

"என்னைப் பத்தி பல் டாக்டர் ஆபீஸ்லேர்ந்து கேட்டப்ப யோசிக்கவே இல்லையே. என் காதாலே கேட்டேன். என்னை அனுப்பத் துடிச்சீங்க."

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருடம் டெல்ஃபின் பொறுமை இழந்தாள். குளிர்காலம் முழுக்க அவள் அப்பா போனில் ஒரே கேள்வியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார். அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். மார்ச்சில் என் மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். லாஃபயெட் பக்கத்தில் ஒரு பொதுமருத்துவக் கிளினிக். காப்பகத்திலிருந்து காரில் பன்னிரண்டு நிமிடம்.

"இதய டாக்டர் ஆசையெல்லாம் போதும்" என்றாள். "எனக்கு அப்பா வேணும். கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுங்க."

கொடுத்தேன். நான்கில் அதுதான் மிகச் சிறந்த கடிதம். எழுதி முடிக்கும்வரை, அவள் போய்விட்டால் சனிக்கிழமை நாலு மணிக்கு நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

கிளினிக்கின் தலைவர் டாக்டர் ஓடீல் மார்ஷண்ட் வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் அப்போது எடுத்த குறிப்பை நீங்கள் எனக்கு நகல் அனுப்பியிருந்தீர்கள். 'பதினோரு விநாடி மௌனம். பிறகு, நல்ல டாக்டர்தான் என்கிறார், செத்தவரைப் பற்றிப் பேசுகிற குரலில். போதைப் பழக்கமா? மனநிலைக் கோளாறா? வேண்டாம்.'

பதினோரு விநாடி என்பது தவறு. ஆறு விநாடிதான். எதிரே சுவரில் கடிகாரம் இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆறுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

வேலை கிடைக்கவில்லை. அவளுக்கு அது புரியவே இல்லை. "கிராமத்துக் கிளினிக்குக் கூட நான் லாயக்கில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் கைகளைப் பார்த்துக்கொள்வாள். வார்டில் ஒன்றை மூன்று முறை சரிபார்க்க ஆரம்பித்தாள். கண்ணை மூடிச் சொல்வதை விட்டுவிட்டாள். நான் தைரியம் சொன்னேன். நான்தான் அவளுக்குத் துணையாக இருந்தேன். வேறு யாரும் இல்லை.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. துண்டைச் சுற்றிக்கொண்டு வெளி அறையில் இருந்தோம். காப்பகத்துப் பெண் போனை அவர் காதில் வைத்தாள்.

"அப்பா, நான்தான்."

"யாரும்மா பேசறது?"

"டெல்ஃபின்பா. பாப்பா."

"பாப்பா இங்க இல்லைம்மா. அவ வடக்க எங்கயோ டாக்டருக்குப் படிக்கிறா. வந்தா சொல்றேன், நீ பேரைச் சொல்லு."

அவள் தன் பெயரை மறுபடி சொன்னாள். அவர் மரியாதையாக, குறித்துக்கொள்வதாகச் சொல்லி வைத்தார். டெல்ஃபின் போனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போய்ச் சூப்பைச் சூடு பண்ணினேன். அன்று மட்டும்தான், எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சூப் பொங்கி வழிந்தது, துடைத்தேன், அப்புறம் தோன்றவில்லை.

அல்சீட் ஆகஸ்டில் இறந்தார். டெல்ஃபின் அப்போது என் வார்டில் வேலையில் இருந்தாள். விடுப்பு எடுத்துப் போவதற்குள் முடிந்துவிட்டது. கடைசி வாரங்களில் அவர் ஒரு பணிப்பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட்டாராம். அந்தப் பெண்ணும் 'என்னப்பா' என்று பக்கத்தில் போய் உட்காருவாளாம். அதை என்னிடம் டெல்ஃபின் போனில் சொன்னாள், நன்றியோடு சொன்னாள்.

இறுதிச் சடங்குக்கு டாக்டர் மார்ஷண்ட் வந்திருந்தார். அவர் அப்பாவின் படகை அல்சீட் பழுது பார்த்திருக்கிறார். அவர் டெல்ஃபினைத் தனியே அழைத்து, உடம்பு இப்போது தேவலையா என்று கேட்டிருக்கிறார். எந்த உடம்பு என்று இவள் கேட்டிருக்கிறாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்த அன்று என் அறைக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஒரே ஒரு கேள்வி, டாக்டர் கோஸ்கெலா. போன்ல என்ன சொன்னீங்க?"

"தப்பா ஒண்ணும் சொல்லலை."

"தெரியும். ஒண்ணுமே சொல்லலைன்னு அவங்க சொன்னாங்க. நியூ ஆர்லியன்ஸுக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டேன். அங்கயும் ஒண்ணுமே சொல்லலையாம்." அவள் சத்தம் போடவில்லை. "எங்கப்பா குரலை வாராவாரம் கேட்டுட்டு எப்படி உங்களால முடிஞ்சது?"

 பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நான் கொடுத்த கோட்டை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில், திரு. பெட்டிங்கர். ஆம். முதல் அழைப்பைத் தவிர மற்ற ஆறும் தெரிந்தே செய்தவை. அவள் தகுதியானவள் என்று தெரிந்தும், அப்பாவுக்குக் காலம் அதிகம் இல்லை என்று தெரிந்தும் செய்தேன். அவள் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். என் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தைந்து வயதில் எனக்கு அது எதற்கு?

ஆனால் அவள் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டதாக உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் ஏற்க மாட்டேன். அந்த ஐந்து வருடத்தில் அவளை நேசித்த ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான்.

போன வாரம் பெவர்லி என் அறைச் சாமான்களை ஒரு பெட்டியில் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். உள்ளே வரவில்லை. டெல்ஃபின் லூசியானாவின் பாட்டன் ரூஜில் மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். பரிந்துரைப்பவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லையாம். அதைச் சொல்லிக் காட்டிவிட்டுப் போகத்தான் வந்தாள் போலிருக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் அப்படிச் செய்யாதே என்று டெல்ஃபினுக்குச் சொல்லியிருப்பேன். ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருந்தவள் அந்த இடத்துத் தலைவரின் பெயரை விட்டால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். கட்டாயம் என்னைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். அவளைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன், முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.